ஒரே தகட்டில் பல நிறங்கள்: கிருஷ்ணா ரெட்டியும் மையின் பதமும்

எட்சிங் எனப்படும் அமிலப் பதிவுக் கலையில் வண்ணம் நெடுங்காலம் ஒரு சுமையாகவே இருந்தது. உலோகத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இட்டு அரித்த கோடுகளில் மையை நிரப்பி ஈரத்தாளில் அழுத்துவது அதன் அடிப்படை. பல நிறம் வேண்டுமெனில் நிறத்துக்கொரு தகடு செய்து அதே தாளை மீண்டும் மீண்டும் அழுத்த வேண்டும். தாள் மயிரிழை விலகினாலும் படம் கெட்டது. ஒரே தகட்டில் துணிப்பந்தால் நிறங்களைத் தனித்தனியே ஒற்றும் வழியும் உண்டு. அது ஒவ்வொரு பிரதிக்கும் புதிதாக உழைக்கச் சொல்லும்.

ஒரே தகடு, ஒரே அழுத்தம், பல நிறம் என்பது 1950களில் பாரிசின் 'அட்லியே 17' பட்டறையில் கைகூடியது. பட்டறையை 1927-இல் தொடங்கியவர் ஸ்டான்லி வில்லியம் ஹேட்டர். ஆகவே முறையையும் அவர் பெயரிலேயே எழுதிவிடுவோர் உண்டு. இதில் எனக்கு உடன்பாடில்லை. ஹேட்டர் ஒரே அழுத்தத்தில் பல நிறம் பெற முன்பே முயன்றவர்தான். 1946-இல் நியூயார்க்கில் அவர் செய்த 'ஐந்து உருவங்கள்' அதற்குச் சான்று. ஆனால் அதில் நிறங்கள் பட்டுத்திரை வழியாகத் தகட்டின்மேல் இடப்பட்டவை. மையின் பிசுபிசுப்பையே கருவியாக்கும் முறை, அப்பட்டறைக்கு வந்து சேர்ந்த கிருஷ்ணா ரெட்டி, கைக்கோ மோதி என்னும் இரு இந்தியரின் சோதனைகளில் உருப்பெற்றது.

ரெட்டி 1925-இல் ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தில் பிறந்தவர். (கொழிஞ்சாம்பாறைக்காரருக்குச் சித்தூர் என்றால் நம் வட்டத் தலைமையிடமே நினைவில் எழும், இது வேறு.) சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் பயின்று, 1947 முதல் 1949 வரை சென்னைக் கலாக்ஷேத்திரத்தின் ஓவியப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். பின்னர் லண்டன் சென்றார். பாரிசில் ஒசிப் சாட்கினிடம் சிற்பம் கற்றார். அவர் சிற்பி என்பதை மறந்தால் அவருடைய அச்சோவியம் விளங்காது. மேடும் பள்ளமும் கொண்ட ஒரு நிலமாகவே தகடு அவர் கையில் மாறியது.

அந்நிலத்தை அமிலத்தாலும் கைக்கருவிகளாலும் பல மட்டங்களில் குடைந்தார். முதலில் ஆழ்ந்த கோடுகளில் மையைத் தேய்த்து நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட வேண்டும். அடுத்து, ஆளிவிதை எண்ணெய் கூடுதலாகச் சேர்த்த இளகிய மையைக் கடினமான உருளையால் உருட்டினால் அது மேட்டை மட்டும் தொடும். பிறகு எண்ணெய் குறைந்த இறுகிய மையை மென்மையான உருளையால் அழுத்தி உருட்ட, அது பள்ளத்துக்குள் இறங்கும். வியப்பு இங்கேதான்: மேட்டில் ஏற்கெனவே படிந்த இளகிய மை, இறுகிய மையை ஏற்காது. இரு நிறங்களும் கலவாமல் தத்தம் மட்டத்தில் நிற்கும். எண்ணெயின் அளவை மாற்றினால் உறவும் மாறும். ஒன்றன்மேல் ஒன்று படியவும் செய்யும். 1963-இல் வந்த 'நீர்ச்சுழி'யில் சுழலும் நீரின் நிறங்கள் அத்தனையும் இப்படி ஒரே தகட்டிலிருந்து எழுந்தவை.

ஆங்கிலத்தில் இதற்கு 'விஸ்காசிட்டி பிரின்டிங்' என்று பெயர். நம் இயற்பியல் பாடநூல்கள் விஸ்காசிட்டியைப் 'பாகுநிலை' என்கின்றன. பாகு (மலையாளத்தில் பாவு) அடுக்களைச் சொல். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுபவர் கம்பிப் பதத்தை விரலிடையே தொட்டறிவார். எத்தனை சொட்டு எண்ணெய் சேர்த்தால் மை மையை விலக்கும் என்பதும் அத்தகைய கையறிவே. 'பாகுநிலைப் பதிவு' என்றால் பொருள் சரி. 'பதப்பதிவு' என்றால் கையும் தெரிகிறது. நான் பின்னதையே என் ஆய்வேட்டில் ஆள்கிறேன்.

ரெட்டி 1970களில் நியூயார்க் சென்று, அங்கேயே கற்பித்து, 2018-இல் மறைந்தார். அவர் வரலாற்றை எழுதுவோர் சென்னையின் இரண்டாண்டுகளை ஒரே வரியில் கடந்துவிடுகின்றனர். அவ்வாண்டுகளில் அவரிடம் பயின்றோரின் குறிப்பேடுகளோ ஓவியங்களோ எவர் வீட்டிலேனும் இருப்பின், தெரிவிக்க வேண்டுகிறேன்.