தசையை நீவும் எஃகுக் கருவி: யாருக்கு உதவும், யாருக்கு ஆகாது?

கோலசிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில், திடலில் பந்து விளையாடும் பிள்ளைக்குத் தொடை பிடித்துக்கொண்டால், எண்ணெய் தேய்த்துச் சுளுக்கு எடுப்பவரைத்தான் முதலில் தேடுவார்கள். விளையாட்டுச் சிகிச்சை நிலையங்களிலோ, வளைந்த எஃகுக் கருவியால் தசையை நீவும் முறையும் உண்டு.

சீனர்களின் குவா ஷாவுக்கு இது தூரத்து உறவு. 1990களில் அமெரிக்காவில் டேவிட் கிராஸ்டன் என்பவர் தம் முழங்கால் காயத்தை ஒட்டி உருவாக்கிய முறையில் ஆறு எஃகுக் கருவிகள் உள்ளன. குவா ஷாவில் தோல் சிவந்து புள்ளி விழுவதே அடையாளம்; இதில் அது நோக்கமல்ல.

முதலில் ஐந்து, பத்து நிமிடம் மெதுவோட்டம் அல்லது சைக்கிள் மிதித்து உடலைச் சூடேற்றுவார்கள். பிறகு களிம்பு தடவி, கருவியை 30 முதல் 60 பாகை சாய்த்து மெல்ல இழுப்பார்கள். கோளாறு உள்ள இடத்தில் கருவி வழியாகவே மணல் நெருடுவதுபோல் கைக்குத் தெரியும். அங்கே அரை நிமிடம், ஒரு நிமிடம் போதும். அழுத்தி அழுத்தித் தேய்த்தால் சீக்கிரம் குணமாகும் என்பது தவறு. அதன்பின் தசையை நீட்டும் பயிற்சியும் வலுவூட்டும் பயிற்சியும் கட்டாயம். அதை விட்டுவிட்டால் நீவியது பாதி வீண்.

பலன் எவ்வளவு? 2009இல் வெளிவந்த ஆய்வொன்றில், எலிகளின் காயமடைந்த முழங்கால் தசைநார், இம்முறையில் நான்கு வாரத்தில் 43 விழுக்காடு கூடுதல் வலுப்பெற்றது. பன்னிரண்டாவது வாரத்தில் அந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. மனிதர்களிடம் மூட்டு அசைவு தற்காலிகமாகக் கூடுவதைச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. அதற்குமேல் உறுதியான சான்று குறைவு. நாள் முழுக்க நீளக் கம்பு அரிவாளைத் தூக்கிச் செம்பனைக் குலை அறுப்பவரின் தோள்வலி இதனால் சற்றுத் தணியலாம். மறுநாள் அதே பாரம்தானே தோளில் ஏறுகிறது!

இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர், காலில் இரத்தக்கட்டி உள்ளவர், எலும்பு முறிவு ஆறாதவர், திறந்த புண் அல்லது தோல் தொற்று உள்ளவர் ஆகியோருக்கு இது ஆகாது. நீரிழிவால் கால் மரத்துப் போனவருக்கு அழுத்தம் மிஞ்சுவதே தெரியாது; டாக்டரைக் கேட்காமல் கருவி வைக்கக் கூடாது. வீட்டில் கரண்டியால் சுரண்டிப் பார்ப்பதும் வேண்டாம்.

சிகிச்சை அளிப்பவர் 774ஆம் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற இயன்முறை சிகிச்சையாளரா என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. கணுக்கால் அப்போதுதான் பிசகி வீங்கியிருந்தால் எண்ணெயும் வேண்டாம், எஃகும் வேண்டாம். நான்கு அடி நடக்க முடியாவிட்டால் முதலில் எக்ஸ்ரே.