ஒரு புட்டி மருந்தும் ஊரார் ஐயமும்

1896இல் பம்பாயைத் தாக்கிய பிளேக், ஹாங்காங் முதலிய துறைமுகங்களைக் கடந்து வந்த உலகப் பெருந்தொற்று. அரசு ஊழியர் வீடு புகுந்து நோயாளிகளை வலிந்து கொண்டுசென்றமையால், மக்கள் நோயைக் காட்டிலும் மருத்துவமனைக்கே அஞ்சினர்.

அச்சூழலில் அறிஞர் வால்டிமர் ஹாஃப்கின் தாம் உருவாக்கிய தடுப்பூசியை 1897 ஜனவரி 10 அன்று முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். சட்டத்தால் பெற இயலாத நம்பிக்கையைப் பெறும் வழி அதுவன்றோ!

ஆயின் 1902 அக்டோபர் 30 அன்று பஞ்சாபின் முல்கோவால் சிற்றூரில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. அவர்களுள் ஒரே புட்டியின் மருந்தைப் பெற்ற 19 பேர் டெட்டனஸ் கண்டு மாண்டனர். விசாரணைக் குழு பம்பாய் ஆய்வுக்கூடத்தின்மீது பழி சுமத்தியது. ஹாஃப்கின் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார். உண்மையில், புட்டியைத் திறக்கையில் உதவியாளரின் இடுக்கி மண்ணில் விழுந்திருந்தது. அது முறையாகத் தூய்மை செய்யப்படவில்லை. அரசு இதனை அன்றே ஊரறியச் சொல்லியிருந்தால், அஃது ஒரு புட்டியின் பிழையாகவே நின்றிருக்கும் என்பது என் எண்ணம். மாறாக, ஊசியே ஐயத்துக்குள்ளானது. பஞ்சாபின் பெருந்திட்டம் சரிந்தது.

ரொனால்ட் ராஸ் முதலானோர் வாதாடிய பின்னரே, 1907இல் ஹாஃப்கினின் பழி நீங்கியது. அவ்வோராண்டில் மட்டும் இந்தியாவில் பிளேக்கினால் மாண்டோர் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர்.