ராஜாளியின் முகத்திரையும் பெண்களின் நெசவும்

அரபு வளைகுடா நாடுகளில் ராஜாளியின் கண்களை மறைக்க அணிவிக்கப்படும் தோல் குல்லாய்க்கும், மூத்த பெண்கள் அணியும் முகமூடிக்கும் ஒரே பெயர்தான்: புர்கா. தமிழில் இச்சொல் உடல் முழுவதையும் மறைக்கும் அங்கியைக் குறித்தாலும், அங்கு அது நெற்றியிலும் மூக்கின் மீதும் படியும் விறைப்பான துணி முகமூடியாகும். மூக்குத் தண்டின் மேல் ஒரு மெல்லிய குச்சி அதனைத் தாங்கி நிற்கும். அம்முகமூடி ராஜாளியின் முகத்தை ஒத்தது என்று சொல்லப்படுவதுண்டு. எனினும், பறவையின் புர்கா கண்களை மூடி அதனை அமைதிப்படுத்துகிறது. பெண்ணின் புர்காவோ கண்களைத் திறந்து விடுகிறது.

இம்முகமூடிக்கான துணி பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே சென்றது. அவுரி நீலம் ஏற்றி, உலோகம் போல் மின்னும்படி மெருகேற்றப்பட்ட அப்பருத்தித் துணி, வியர்வை பட்டால் தோலில் நீலக் கறை விடும். ஐக்கிய அரபு எமிரேட்ஸைச் சேர்ந்த கலைஞர் கரீமா அல் ஷொமெலி, இந்த முகமூடியையே தமது கலைக்கும், லண்டனில் மேற்கொண்ட முனைவர் பட்ட ஆய்வுக்கும் பொருளாகக் கொண்டவர்.

அவரது நாட்டின் அரசு இலச்சினையில் இருப்பது ராஜாளி. அங்கு 2002 முதல் ராஜாளிகளுக்குத் தனிக் கடவுச்சீட்டு வழங்கப்படுகிறது. அபுதாபியில் 1999இல் அவற்றுக்கென மருத்துவமனையே திறக்கப்பட்டது. துபாய் எக்ஸ்போ கண்காட்சியில் அந்நாட்டின் அரங்கம் ராஜாளியின் சிறகுகளாக எழுப்பப்பட்டது.

பெண்களின் நெசவுக்கு இத்தகைய பேறு வாய்க்கவில்லை. 2010இல் யுனெஸ்கோ அமைப்பு ராஜாளி வேட்டையை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது. மறு ஆண்டே, எமிரேட்ஸின் 'அல் சதூ' நெசவு அவசரப் பாதுகாப்பு தேவைப்படும் மரபுகளின் பட்டியலில் இடம்பெற்றது. ஆட்டு ரோமத்தையும் ஒட்டக ரோமத்தையும் நூற்று, தரையில் கிடத்திய தறியில் கூடாரத் துணிகளையும் ஒட்டகச் சேணங்களையும் நெய்தவர்கள் பதூயின் பெண்கள். எண்ணெய் வளத்துக்குப் பின் குடும்பங்கள் நகரங்களில் குடியேறின. இளம்பெண்கள் வேறு வேலைகளுக்குச் சென்றனர். தறி மூதாட்டிகளிடமே தங்கிவிட்டது. இவ்வளவுக்கும், வேட்டைக்காரரின் கையில் ராஜாளி அமர்வதற்கான 'மன்கலா' என்ற உறையும் துணியால் ஆனதே.

சவூதி அரேபியா, குவைத் ஆகியவற்றின் சதூ நெசவு 2020இல் யுனெஸ்கோவின் பொதுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இதில் குவைத்தின் அனுபவம் கவனிக்கத்தக்கது. 1970களின் இறுதியிலேயே அங்கு இந்நெசவைக் காக்கும் முயற்சி தொடங்கியது. அதன் தொடர்ச்சியான சதூ இல்லம், இளம் கலைஞர்களை நெசவாளப் பெண்களுடன் இணைந்து பணியாற்றச் செய்கிறது.