திம்புள்ளத் தோட்டங்களில் ஒப்பாரியும் தன்னுணர்வும்

தன் உள்ளத்தெழும் உணர்வு யாது, அஃது எதனால் எழுந்தது என அறிதல் அன்றாட வாழ்வுக்கு இன்றியமையாதது. 1990இல் சலோவே, மேயர் என்னும் உளவியலாளர் இருவர் இதனை உணர்வுசார் நுண்ணறிவு என்னும் கோட்பாடாக வகுத்தனர். ஆயின், தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் உணர்வுகளை எட்டாக வகுத்ததோடமையாது, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களையும் சுட்டியிருத்தல் தமிழ் மாணவர் அறிந்ததே. அழுகைக்கு அது கூறுவன: இகழப்படுதல், இழத்தல், முன்னைய நிலை தளர்தல், வறுமை. இந்நான்கும் ஒருங்கே அமைந்த வாழ்வினை மலையகத்திற் காண்கின்றோம்.

1869ஆம் ஆண்டு முதல் கோப்பியைத் தாக்கிய இலைநோயின் விளைவாகத் திம்புள்ளப் பகுதி தேயிலைக்கு மாறிற்று. கோப்பிக் காலத்திற் பருவந்தோறும் வந்து மீண்ட தமிழகத் தொழிலாளர், ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கவேண்டிய தேயிலையினால் குடும்பமாக நிலைகொண்டனர். லயத்தில் ஒரு காம்பிராவில் ஒரு குடும்பம், சுவருக்கப்பால் மற்றொன்று. விடியுமுன்பே பிரட்டுத் தப்பு ஒலிக்கும். தனித்திருந்து தன் மனத்தை ஆராய்வதற்கு இடமுமில்லை, பொழுதுமில்லை. எனவே தன்னுணர்வு அங்கே கூட்டு வடிவம் பெறலாயிற்று.

மாசி மாதக் காமன் கூத்தில் மன்மதன் எரிய, ரதி புலம்புவதைத் தோட்டமே கூடிநின்று காணும். இழவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் பெண், இறந்தவரை மட்டும் நினைந்து அழுவதில்லை. கங்காணியின் கொடுமை, தீராக் கடன், கடலுக்கப்பால் விட்டுவந்த பிறந்தகம் யாவும் அவள் வாயில் வெளிப்படும். ஏனைய நாட்களிற் சொல்லவியலாதவற்றை அன்று அயலார் அனைவரும் கேட்பர். ஆகவே ஒப்பாரி வெறும் கண்ணீர் அன்று. துயரின் காரணங்களை வகைப்படுத்திக் கூறும் செயலுமாகும்.

வட்டகொடையை அடுத்த மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை இத்தகைய பாடல்களின் அருமையை உணர்ந்தவர். அவர் தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983இல் வெளிவந்தது.

ஒப்பாரி துயரை ஆற்றுமேயன்றி அதன் காரணத்தை மாற்றாது என்பர் சிலர். இக்கூற்றிற் பாதி உண்மை உண்டு. ஆயினும் காரணத்தை அறியாதவர் அதனை மாற்ற முனைவதும் இல்லை. 1930களில் கோ. நடேசய்யர் தொழிற்சங்கத்தை வளர்த்தபோது, அவர் துணைவியார் மீனாட்சியம்மாள் மக்கள் அறிந்த மெட்டுகளிற் பாடல் இயற்றிக் கூட்டங்களிற் பாடினார். பாடலினாலே தம் துயரைப் பகுத்தறிந்து பழகிய மக்கள், அழுகை வெகுளியாகவும் வெகுளி பெருமிதமாகவும் மாறுவதைப் பாடலிலேயே கேட்டனர்.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. தலைமன்னார் நோக்கி அவர்களை ஏற்றிச்சென்ற புகைவண்டிக்கு மக்கள் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. உயிரோடிருப்போரைப் பிரிவதும் இழவே என்னும் தெளிவு அப்பெயரில் உண்டு. அவ்விழவு விதியால் வந்ததன்று, அரசுகளின் கையொப்பத்தால் வந்தது என்பதையும் அவர்கள் அறிந்திருந்தனர்.

எஞ்சிய நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் பிரசாவுரிமை வழங்கிற்று. சட்டங்களும் ஒப்பந்தங்களும் சுவடிக்கூடத்தில் நிலைபெறும். அவற்றால் மக்கள் உற்றது யாது என்பதை ஒப்பாரியே கூறும். அதனை நாட்டாரிலக்கியம் என ஒதுக்காது, வரலாற்றுச் சான்றாகவும் கொள்ளுதல் ஆய்வாளர் கடனாகும்.