ஜிம்மியின் கட்டிலருகே

1948-ஆம் ஆண்டு மே மாதம் 22-ஆம் நாள், அமெரிக்க வானொலியில் ஒரு சிறுவனின் குரல் ஒலித்தது. பாஸ்டன் நகர மருத்துவமனையில் புற்றுநோயோடு போராடிய அவனுக்கு வயது 12. உண்மைப் பெயரை மறைத்து ‘ஜிம்மி’ என்று அவனை அழைத்தனர். அவன் போற்றிய பாஸ்டன் பிரேவ்ஸ் பேஸ்பால் வீரர்கள் ஒருவர்பின் ஒருவராக அவன் கட்டிலருகே வந்தனர். ஆட்டங்களைக் காண ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வேண்டும் என்பதே அவன் விருப்பம். நேயர்களிடம் கேட்டது 20,000 டாலர். அவ்வாண்டில் சேர்ந்ததோ 2 லட்சத்திற்கும் மேல்!

அந்நிதி டாக்டர் சிட்னி ஃபார்பரின் ஆராய்ச்சிக்கு உரமாயிற்று. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயை மருந்தால் தணிக்க இயலும் என்பதை அவர் அவ்வாண்டே உலகிற்கு அறிவித்தார். அம்மருந்தை அளித்த ஆய்வுக்குழுவின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார். முதலில் கிட்டிய நலம் சில திங்களே நிலைத்தது. ஆயினும் வழி பிறந்துவிட்டது.

1953-இல் பிரேவ்ஸ் குழு மில்வாக்கிக்குப் பெயர்ந்தது. பாஸ்டன் ரெட் சாக்ஸ் குழு அத்தொண்டினை ஏற்று, இன்றளவும் நடத்தி வருகிறது.

ஜிம்மி என்ன ஆனான்? மாண்டிருப்பான் என்றே பலரும் எண்ணினர். 1998-இல் உண்மை வெளிப்பட்டது. ஐனார் கஸ்டாஃப்சன் என்னும் அச்சிறுவன், லாரி ஓட்டிப் பிழைத்து, பேரக் குழந்தைகளையும் கண்டிருந்தான். 2001-இல், 65-ஆம் வயதில் காலமானான். ஆட்டத்தில் வென்றோரை உலகம் விரைவில் மறக்கும். கட்டிலருகே நின்றோரை மறப்பதில்லை.