உரோமையில் இருபத்தேழு மாதங்கள்

மலைப்பொழிவின் ஏழாவது பேற்றில் மத்தேயு கையாளும் கிரேக்கச் சொல், 'அமைதி', 'செய்தல்' என்னும் இரண்டும் இணைந்தது. குருமடத்தில் இதை ஓர் இலக்கணக் குறிப்பாகவே பயின்றேன். பின்னாளில், வரப்புத் தகராற்றில் பேச்சற்றுப்போன அண்ணன் தம்பியரிடம் "விட்டுவிடுங்கள்" என்று சொல்லித் திரும்பிய ஒரு மாலையில்தான், நான் அமைதியைச் செய்யவில்லை, சண்டையை மூடி மட்டுமே வைத்தேன் என்பது உறைத்தது.

செய்தவர்கள் சிலரை மொசாம்பிக் நாட்டின் வரலாற்றில் காண்கிறோம். 1975 இல் விடுதலை பெற்ற அந்நாட்டில், ஃபிரெலிமோ அரசுக்கும் ரெனாமோ கிளர்ச்சியாளருக்கும் 1977 முதல் மூண்ட போரில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். அவர்களுள் பசியால் மடிந்தோர் பலர். திருச்சபைக்கும் அரசின்மேல் மனத்தாங்கல் உண்டு. அதன் பள்ளிகளும் மருத்துவமனைகளும் அரசுடைமையாக்கப்பட்டிருந்தன. அந்தக் காயத்தை வைத்துக்கொண்டு ஆயர்கள் கிளர்ச்சியாளர் பக்கம் சாய்ந்திருக்கலாம். அவர்களோ இரு தரப்பும் பேச வேண்டும் என்றே திரும்பத் திரும்ப எழுதினர். ரெனாமோவை 'ஆயுதக் கொள்ளையர்' என்றே அழைத்துவந்த அரசுக்கு அது கசந்தது.

1988 இல் பெய்ரா பேராயர் ஜெய்மே கொன்சால்வெஸ் இரகசியமாகக் காட்டுக்குள் சென்று, ரெனாமோ தலைவர் அஃபோன்சோ த்லாகாமாவைச் சந்தித்தார். இருவரும் ஒரே மொழி பேசும் மக்களிடையே பிறந்தவர்கள். கொள்ளையன் என்று பெயர் பெற்றவனோடு அவன் தாய்மொழியில் பேச ஒருவர் சென்றார். எனக்கு இவ்வரலாற்றில் மிகப் பெரிதாகத் தோன்றுவது இதுவே.

1990 ஜூலையில் உரோமையின் திராஸ்தேவரே பகுதியில், முன்பு கன்னியர் மடமாக இருந்த இல்லத்தில் பேச்சு தொடங்கியது. 1968 இல் ஆந்திரேயா ரிக்கார்தி பள்ளி மாணவராக இருந்தபோது தொடங்கிய சாந்த் எஜிதியோ என்னும் பொதுநிலையினர் இயக்கத்தின் இல்லம் அது. அவரும், மத்தேயோ சூப்பி என்ற இளங்குருவும், பேராயரும், இத்தாலிய அரசின் சார்பில் மாரியோ ரஃபாயெல்லியும் நடுவர்களாக அமர்ந்தனர். அவ்வியக்கத்திடம் படையில்லை. மிரட்ட வழியற்றவர்கள் காத்திருந்தே ஆக வேண்டும். இரு தரப்பினரும் ஒரே குடும்பத்தினர் என்பதை முதல் அறிக்கையிலேயே ஒப்புக்கொள்ளச் செய்தனர். மற்றவற்றுக்கு 27 மாதங்கள் ஆயின. 1992 அக்டோபர் 4 அன்று, அசிசி பிரான்சிஸ் திருநாளில், குடியரசுத் தலைவர் ஜோவாகிம் சிசானோவும் த்லாகாமாவும் கையொப்பமிட்டனர்.

2013 இல் மீண்டும் துப்பாக்கிகள் வெடித்தன. 2019 இல் மறுபடியும் ஓர் ஒப்பந்தம் எழுத வேண்டியிருந்தது. ஆயினும் அக்டோபர் 4 அந்நாட்டில் பொது விடுமுறை நாள். அமைதி நாள் என்று அதற்குப் பெயர்.