தோள்பட்டைத் தசைநாண் கிழிவது எதனால்?

சிட்னி, மெல்பர்ன் வீடுகளில் கொடியில் ஈரத்துணி உலர்த்துவதும், கூரைக்கு வண்ணம் பூசுவதும், நீச்சற்குளத்தில் ஓயாது கைவீசுவதும் தோளுக்குச் சுமையே. மேற்கையெலும்பின் தலையைக் குழியில் பிடித்து நிறுத்தும் நான்கு தசைகளின் நாண்கள், 'ரோட்டேட்டர் கஃப்' எனப்படுபவை, கையைத் தலைக்குமேல் உயர்த்தும் வேலைகளாலும் வயதாலும் நாளடைவில் நலிகின்றன. அறுபதைக் கடந்த பலருக்கு வலியே இல்லாத கிழிசல் இருப்பதுண்டு. ஆகவே ஸ்கேனில் தெரியும் கிழிசலே வலிக்குக் காரணம் என உடனே முடிவுகட்ட இயலாது. நாண் முழுமையாகக் கிழியாதவர்களுக்கு, எலும்பைச் செதுக்கி இடைவெளியை அகலமாக்கும் அறுவைச் சிகிச்சையால் குறிப்பிடத்தக்க பயனில்லை என்று, மெல்பர்ன் மொனாஷ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரஷெல் புக்பைண்டர் பங்கேற்ற கொக்ரேன் ஆய்வு 2019இல் தெரிவித்தது. எனினும், கீழே விழுந்தபின் கையை உயர்த்த இயலாதவர்கள் தாமதமின்றி மருத்துவரை நாட வேண்டும்.